கம்ப்யூட்டர் வாயில் வைத்த அட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். என் முழங்கால் வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, மாடிப்படியைக் கண்டால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நம் தலத்தெருவில் பாதி வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. பத்திரிகையை வாங்கிப் பிரிப்பதற்கு முன்பே, பெண் பட்டினச்சேரியாமே என்று சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். ஆமாம், பட்டினச்சேரிதான், அப்பா கடலுக்குப் போகிறவர்தான், நம் இன்ஸ்டிடியூட்டில் டைப் கற்றுக்கொள்ள வந்த செல்விதான் என்று நான் குரலை உயர்த்திச் சொன்னேன். ரகசியமாகக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தவர்களுக்கு அதிலேயே பாதி ருசி போய்விட்டது.

கல்யாண வேலை கழுத்தளவு கிடக்கும்போது உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் போன வாரம் பாண்டிச்சேரியிலிருந்து நீ போட்ட கடிதம். பாரீஸில் கிடைத்திருக்கும் வேலை, அங்கே பார்த்து வைத்திருக்கும் அறை, செல்விக்கு வாங்க வேண்டிய கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு குறையையும் சேர்த்திருந்தாய். சனிக்கிழமை ஊருக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி வேலைக்குத் திரும்பும்போதெல்லாம் செல்வியிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறாய். அவள் ஒரு தடவைகூட எப்போது வருவீர்கள் என்று கேட்டதில்லை. உனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால், பாவம் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு மடித்து வைத்திருப்பேன். 'கல்யாணத்துக்கு அப்புறம் இதையெல்லாம் மாத்திடலாம்மா' என்று முடித்திருந்தாய். நின்றபடி படித்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதை நேரில் பேசலாமே என்பாய். நேரில் சொன்னால் நீ 'சரிம்மா' என்பாய். உன் 'சரிம்மா'வுக்கு என்ன மதிப்பு என்று பெற்றவளுக்குத் தெரியும். அதனால்தான் நீ இடையில் புகுந்து பேச முடியாதபடி எழுதுகிறேன்.

மாற்றிவிடலாம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு நம் கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வந்தது. சிரிக்காதே. அந்தக் கதை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். மெஷினுக்கு என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். அந்த நாட்களில் எனக்கு என்ன ஆயிற்று என்பதை நீ முழுதாகக் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. இப்போது கேட்டுக்கொள்.

உன் அப்பா சொல்தாவாகப் பிரெஞ்சு ராணுவத்தில் பாதி வயதைக் கழித்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர். வீட்டில் இருந்த மனிதரைவிட வீட்டுக்கு வந்த கடிதங்களோடுதான் நான் அதிகம் குடித்தனம் நடத்தினேன். ஒவ்வொரு தடவை அவர் கப்பலேறும்போதும் எப்போது வருவீர்கள் என்று கேட்பேன். ஒரு மாசத்தைச் சொல்லுவார். அந்த மாசம் வரும், அவர் வர மாட்டார். அந்த மாசம் முழுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் ஒரேயடியாகத் திரும்பி வந்ததும், எழுபதுகளின் நடுவில், அவர்தான் தெருப்பக்கத்து அறையைக் காலி செய்து பழைய டைப்ரைட்டர்களை வாங்கிப் போட்டுக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் கற்றிருந்த டைப் கையை விட்டுப் போகாமல் இருந்தது. அப்படித்தான் நம் இன்ஸ்டிடியூட் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் போய்விட்டார். மெஷின்கள் இருந்தன, நீ இருந்தாய். அந்த மெஷின் சத்தம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் சாத்தும்போது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி ஏற்றிவிட்டுத்தான் உறை போடுவேன். நீ அதைப் பார்த்து வளர்ந்தவன். ஏன் என்று ஒரு தடவை கேட்டாய். வீட்டில் அரிசி அளக்கிற படியை வெறும் படியாக வைக்க மாட்டோம் இல்லையா, அளந்து முடித்ததும் ஒரு பிடி அரிசியை அதற்குள் போட்டுத்தான் வைப்போம், அந்த மாதிரிதான் இதுவும் என்று சொன்னேன். சோறு போடுகிற சாமான் வெறும் வாயோடு தூங்கக் கூடாது. இதற்கு விஞ்ஞானம் எதுவும் கிடையாது. நாளைக்கும் வேலை உண்டு என்று சாமானுக்கும் எனக்கும் ஒரு பேச்சு, அவ்வளவுதான். நீயும் சின்ன வயதில் ஒரு மெஷினை உன் மெஷின் என்று பிடித்துவைத்துக்கொண்டு, தினமும் நீயே தாள் ஏற்றுவாய்.

எண்பதுகளின் கடைசியில் காலேஜை முடித்துவிட்டு, மெட்ராஸில் ஒரு கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாயே, அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. காரின் பின்சீட்டில் அதைப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார வைத்து, நீ பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாய். உள்ளறையில் அதற்கு இடம். செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கடல் காற்றில் உப்பு இருக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்தாய். என் பழைய பருத்திப் புடவையில் நான் உறை தைத்துக் கொடுத்தேன். விபூதி வைக்கலாமா என்று கேட்டதற்கு நீ பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆனால் நீயேதான் எனக்குச் சொல்லியும் கொடுத்தாய். இந்தச் சதுரத் தட்டுக்குப் பெயர் பிளாப்பி, இதை மெஷினின் வாயில் நுழைத்து இந்தக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், உள்ளே நிலையாக இருப்பது ஹார்ட் டிஸ்க், காலையில் எல்லாவற்றையும் எழுப்பி வேலை வாங்குகிற மேஸ்திரிக்குப் பெயர் ஆபரேட்டிங் சிஸ்டம். மேஸ்திரி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாசத்துக்குள் நானே கடிதங்கள் அடித்துப் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெரிய கர்வம் இருந்தது, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் ரோசாலியம்மா வந்தார். அவரும் ஒரு சொல்தாவின் மனைவிதான், என்னை மாதிரி தனியானவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய மகள் பிரான்சிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போவதற்கு முன் தூதரகத்துக்கு அவருடைய வாழ்க்கை முழுவதையும் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கே பிறந்தார், எந்தக் கோயிலில் கல்யாணம், புருஷன் எந்தப் படையில் எந்த ஊரில் இருந்தார், பிள்ளைகள் யார் யார் என்று ஒன்று விடாமல் கேட்டிருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். வாரக்கணக்கில் வந்து உட்கார்ந்து சொன்னார். அதிகாரி காரைக்காலுக்கு வருகிற நாளில் அதைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த நாளை விட்டால் அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ரோசாலியம்மா அந்த நாளைச் சொல்லிச் சொல்லித்தான் வயிற்றுக்கு ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல எல்லா மெஷினிலும் தாள் ஏற்றிவிட்டு உள்ளறைக்குப் போவேன். அதற்கும் ஒரு வாய் இருக்கிறது. வெறும் வாயாக இருக்கிறது. நான் என்ன செய்வேன்? மேஜைமேல் கைக்கு அகப்பட்ட பிளாப்பியை அதற்குள் நுழைத்து, கைப்பிடியைத் திருப்பி, உறையைப் போட்டுவிட்டு விளக்கை அணைப்பேன். ஒரு நாள் கைக்கு அகப்பட்டது, உன் மெட்ராஸ் சிநேகிதன் கொடுத்தனுப்பிய விளையாட்டு பிளாப்பி. காலையில் நீ சுவிட்சைப் போட்டதும், இந்தத் தட்டில் மேஸ்திரி இல்லை என்ற பொருளில் ஏதோ எழுதிக் காட்டியது. நீ பிளாப்பியை எடுத்துவிட்டு எழுத்துக் கட்டைகளில் ஒன்றைத் தட்டினாய், மெஷின் ஒழுங்காக எழுந்துகொண்டது. இவ்வளவுதானே என்று இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

கொஞ்ச நாள் கழித்துத் திரையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றியது. இந்தச் சுவரில் முட்டி அந்தச் சுவருக்கு, அந்தச் சுவரில் முட்டி இந்தச் சுவருக்கு என்று ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு முதலில் அழகாகக்கூட இருந்தது. உன் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. மெஷின் வர வர மந்தமாயிற்று. சில கடிதங்கள் திறக்கவில்லை. ரோசாலியம்மாவின் வாழ்க்கையைத் திறந்தால், மூன்று பக்கத்துக்குப் பிறகு ஒன்றோடொன்று சேராத எழுத்துகளும் கோடுகளும் கட்டங்களுமாக வந்து விழுந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று நகல் எடுத்து வைத்திருந்த பிளாப்பியிலும் அதே குப்பை. நீ மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டாய். சிநேகிதன்தான் சொன்னான். எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் எழுதிவிட்ட விஷமம் அது, அதற்கு வைரஸ் என்று பெயர், பிளாப்பி பிளாப்பியாகத் தொற்றும். தொற்று உள்ள பிளாப்பியை வாயில் வைத்தபடியே மெஷினை எழுப்பினால்தான் உள்ளே போகும். யாராவது அப்படி விட்டுவிட்டுப் போனார்களா என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய். முன்னறையில் பிள்ளைகள் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ அதையெல்லாம் யோசிக்கவில்லை.

"உன் படி சாஸ்திரத்தை இதுல கொண்டாந்து ஏம்மா வச்சே? அந்தம்மா போற வழியே அடைஞ்சு போச்சு. இனிமே இந்த ரூமுக்குள்ள வராதே."

முன்னறையில் எல்லா மெஷினும் நின்றுவிட்டது. டைப் இன்ஸ்டிடியூட்டில் சத்தம் நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அத்தனை பிள்ளைகள் முன்னால் நான் வாசற்படியில் நின்றேன். உனக்கு வயது இருபத்திரண்டோ மூன்றோ, எனக்கு உன்மேல் கோபம்கூட வரவில்லை, உடம்பு கூசிப்போயிற்று. அப்போது ஒரு மெஷின் மட்டும் அடிக்க ஆரம்பித்தது. பலமாக, விடாமல், வரி முடிந்தால் மணி அடிக்க, மறுபடி முதலிலிருந்து. ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று எல்லா மெஷினும் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்குள் நான் மெல்ல உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். முதலில் அடித்தவள் செல்வி. அவள் என்னிடம் வந்து என்ன டீச்சர் ஆச்சு என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. போகும்போது தாளை உருவி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஒரே வரியைப் பக்கம் முழுவதும் அடித்திருந்தாள், அதில் ஒரு பிழையும் இல்லை. இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். உனக்குத் தோன்றியது அதற்கு வெகுநாள் கழித்து. அதனால் உன் காதலைப் பற்றி என்னிடம் அதிகம் பீற்றிக்கொள்ளாதே.

பிறகு நீ மெஷினைச் சுத்தம் செய்ததை நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடி பார்த்தேன். உள்ளே வராதே என்றுதான் சொல்லியிருந்தாய், பார்க்காதே என்று சொல்லவில்லை. முதலில் மெஷினை முழுதாக அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விட்டாய். பிறகு, வாங்கும்போதே அதோடு வந்த அசல் பிளாப்பியைத் தேடி எடுத்தாய். மற்றவற்றுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அசலுக்கு அது கிடையாது. வெட்டு இல்லாததில் மெஷின் எதையும் எழுத முடியாது, அதனால் அது ஒன்றுதான் கைபடாமல் சுத்தமாக இருந்தது. அதை வைத்து மெஷினை எழுப்பி, பிழைத்துக் கிடந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் புது பிளாப்பிக்கு மாற்றினாய். பிறகு ஹார்ட் டிஸ்க்கை ஒரேயடியாக அழித்தாய். அந்த உத்தரவைத் தட்டுவதற்கு முன் உன் விரல் நின்றதை நான் பார்த்தேன். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று அது திரும்பக் கேட்டது. நீ ஆமாம் என்றாய். காலி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடிபோகிற மாதிரி, மேஸ்திரியை மறுபடி குடியேற்றி, அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு சாமானாக அசல் பிளாப்பிகளிலிருந்து ஏற்றினாய். நாள் முழுவதும் ஆயிற்று. நான் வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்து நீட்டிய காபியை நீ முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டாய்.

அதற்கப்புறம்தான் காவல். வெளி பிளாப்பிக்கு அனுமதி இல்லை என்று கதவில் எழுதி ஒட்டினாய். நகல் ஒரு செட் இன்ஸ்டிடியூட்டில், ஒரு செட் வீட்டுப் பக்கம் என்றாய். வீட்டு செட்டை நான் பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்தேன், பூச்சி உருண்டை வாசனை பிளாப்பிக்கு ஆகாது என்று அதற்கும் திட்டு வாங்கினேன். பிறகு எல்லா பிளாப்பியின் வெட்டையும் ஒட்டி மூட ஆரம்பித்தாய். மூடிவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது. அதற்கென்று வந்த கறுப்பு ஒட்டுத்துண்டுகள் பாதியிலேயே தீர்ந்துவிட்டன. கரண்ட் ஒயருக்குச் சுற்றுகிற டேப்பை வாங்கி வந்து வெட்டி ஒட்டினாய், அது வெக்கைக்குப் பசை விட்டு நழுவியது. நான் பீரோவைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா பாண்டிச்சேரிக்குப் பென்ஷன் விஷயமாகப் போகும்போதெல்லாம் வாங்கி வந்தவை. அவர் போன பிறகு அதை நான் தொடவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. பெரிய வட்டப் பொட்டு, மெரூன் நிறம். நீ அதைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று சொல்லுவாயோ என்று நான் பயந்தேன். நீ ஒவ்வொன்றாக உரித்து, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாக மடித்து ஒட்டினாய். பசை காயாமல் இருந்தது எனக்கே ஆச்சரியம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான் என்று வைத்துக்கொள்.

ஆனால் சாயங்காலம் நீ மெஷினின் முன்பக்கத்துப் பூட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொற்று போயிற்று, மெஷின் புதிதாயிற்று, ஆனால் என் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு இடம் போய்விட்டது. நான் கற்றுக்கொண்டதையும் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து நீ அழித்துவிட்ட மாதிரி இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் கேட்கவில்லை. சாத்தும்போது எல்லா டைப்ரைட்டரிலும் தாள் ஏற்றிவிட்டு, உள்ளறைக்குள் எட்டிப்பார்ப்பேன். பூட்டிய மெஷின் வெறும் வாயோடு உட்கார்ந்திருக்கும். உன் பேச்சை மீறி ஓர் எட்டு உள்ளே வைத்து, ஒரு வெள்ளைத் தாளை அதன் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுவேன், உள்ளே எதையும் நுழைக்கவில்லை. காலையில் அது தரையில் கிடக்கும். நீ பொறுக்கி எடுத்துப் பிரிண்டர் பக்கத்தில் வைப்பாய். சாயங்காலம் நான் மறுபடி சாய்த்து வைப்பேன்.

ரோசாலியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கையைப் பிசைந்தார். பிறகு, மெஷினுக்குத்தானே மறந்து போச்சு, எனக்கு மறக்கவில்லையே என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, பகல் முழுவதும் சொன்னார். இந்தத் தடவை நீ திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பிறகு அடித்தாய். பிள்ளைகள் என்ற இடம் வந்தது. முதல் தடவை மூன்று பிள்ளைகள் என்று சொன்னவர், இப்போது நான்கு என்றார். முதல் பெண் குழந்தை, ஆறு மாதம்கூட இருக்கவில்லை, புருஷன் கப்பலில் இருந்தபோது போய்விட்டது, அவர் அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை. பெயரையும் சொன்னார். இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டாய்.

"அப்ப நீ அவசர அவசரமா அடிச்சே தம்பி. இப்பத்தான் என் மூஞ்சியப் பாத்து கேக்குறே."

நீ எழுந்து கொல்லைப்பக்கம் போனாய். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தக் குழந்தையின் பெயரை அடித்தாய். அதிகாரி வந்த நாளில் ரோசாலியம்மா அந்தக் காகிதங்களைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் முடிவதற்குள் மகளிடம் போய்ச் சேர்ந்தார். போட்டோ அனுப்பியிருந்தார், அதில் கம்பளிக்குள் கண் மட்டும் தெரிகிறது. நீ பாரீஸ் போனதும் அவரைப் போய்ப் பார், இது என் உத்தரவு.

அவர் காகிதம் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான் நீ என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாய். நான் வாசற்படியிலேயே நின்றேன். நீ கையைப் பிடித்து உள்ளே இழுத்தாய். மெஷினை மெட்ராஸிலிருந்து கொண்டு வந்தபோது, வழியில் குலுங்கி உள்ளே அடிபடக் கூடாது என்று அதன் வாயில் ஒரு வெள்ளை அட்டையை வைத்திருந்தார்களே, பிளாப்பி அளவுக்கு வெட்டியது, அதைத் தேடி எடுத்து வைத்திருந்தாய். அதை நுழைத்து, கைப்பிடியைத் திருப்பி, மெஷினை எழுப்பிக் காட்டினாய். அது அட்டையை ஒரு தரம் முகர்ந்து பார்த்த மாதிரி முனகிவிட்டு, தன்பாட்டுக்கு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எழுந்துகொண்டது. நீ சாவியை எடுத்து என் கையில் வைத்தாய்.

"சாத்தும்போது இத வைம்மா. இதுல எதுவும் ஏறாது, இதுலேர்ந்து எதுவும் இறங்காது. வாயும் வெறுமையா இருக்காது."

நான் ஏதோ பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. உன்னைப் பெற்றதற்கு நான் முழுதாகச் சந்தோஷப்பட்ட நாள் எது என்று யாராவது கேட்டால் அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்லுவேன். நீ என்னை மன்னித்தாய் என்பதால் இல்லை, அதற்கு நான் உன்னிடம் மனு போடவில்லை. நீ என் பழக்கத்தை மாற்றவில்லை. அதற்கு ஓர் இடம் வெட்டிக் கொடுத்தாய். அந்த அட்டை இன்றைக்கும் தினமும் சாயங்காலம் வாய்க்குப் போகிறது, ஓரம் கொஞ்சம் மழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் புள்ளியும் அந்தத் திரையில் ஓடவில்லை.

இனி செல்வி. நிச்சயம் பேச நான் பட்டினச்சேரிக்குப் போனேன் அல்லவா, நீ வரவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பாவுக்குக் கடலுக்குக் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. சாப்பிட்டார், எழுந்தார், எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். வீட்டில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், எப்போது திரும்புவார் என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வியின் அம்மா சிரித்த முகத்தோடு, வருவாங்க என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி, மற்றத் தட்டுகளையெல்லாம் கவிழ்த்து வைத்தவர், அதை மட்டும் நிமிர்த்தி வைத்தார். பஸ் ஏற்றிவிட வந்த செல்வியிடம், ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா என்று விசாரித்தேன். அவள் நடந்தபடியே சொன்னாள்.

"எங்க வீட்ல கேக்க மாட்டோம் டீச்சர். கேட்டா, வர்றதுல சந்தேகம்னு ஆயிடும்ல."

இப்போது புரிகிறதா? சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற உன்னிடம் அவள் ஏன் கேட்பதில்லை என்று? உனக்கு அக்கறை இல்லாத மாதிரி தெரிந்தது, எனக்கும் அந்த வீட்டில் முதலில் அப்படித்தான் தெரிந்தது. அது அவர்கள் படியில் போட்டு வைக்கிற ஒரு பிடி அரிசி. அவள் பிறந்ததிலிருந்து அப்பாவின் முதுகைப் பார்த்தபடி வாசலில் நின்ற பெண். கேட்க நினைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் நின்றிருப்பாள். அதைப் போய் நீ மாற்றிவிடலாம் என்கிறாய். உன்னை வளர்த்தவள் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டு என்று சொல்லவில்லை. விஷமம் எது, பழக்கம் எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். குடித்தனத்தில் விஷமமும் நுழையும், யாராவது சொல்கிற பேச்சில் தொற்றிக்கொண்டு வரும், நம் சொந்தக்காரர்களிடமிருந்தே வரும். அப்போது அசலைத் தேடி எடுத்து முதலிலிருந்து ஆரம்பி, அதில் கெட்டிக்காரன் நீ. கோபத்தில் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மட்டும் போகாதே. வாசற்படிக்கு வெளியே நின்றவள் சொல்கிறேன், அது ரொம்ப வலிக்கும். அவள் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நீயே சொல்லிவிட்டுப் போ, அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று. அவள் கேட்காமலே அவளுக்குப் பதில் கிடைத்துவிடும், உனக்கும் குறை இருக்காது. அட்டை வெட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு பெரிய காரியமா?

கல்யாணம் முடிந்து சில வாரத்தில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். நான் கூட வர மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், மெஷின்களை விட்டுவிட்டு அங்கே கம்பளிக்குள் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. கார் வந்து நிற்கிற அன்று நான் அழுதால் கண்டுகொள்ளாதே, உன் அப்பா கிளம்பும்போதெல்லாம் அழுது பழகிய கண் இது. அவரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டு, அவர் சொன்ன மாசத்துக்காகக் காத்திருந்து ஓய்ந்து போனவள் நான். உன்னிடம் கேட்பதற்கும் எனக்கு அந்த ஒரே கேள்விதான் இருக்கிறது, அது தொண்டைவரைக்கும் வந்து நிற்கும். செல்வியைப் பார்த்துக்கொண்டு நானும் கேட்காமல் இருந்துவிடுவேன். நீங்கள் தெரு திரும்பியதும் உள்ளே போய், உன் தட்டைக் கழுவி, நிமிர்த்தி வைப்பேன்.

அம்மா